ரசல் பியர்ஸ்: அரிசோனா மேலவைத் தலைவரைச் சொந்த ஊர்க்காரர்களே வீட்டுக்கு அனுப்பிய கதை

#1 மேசைக்காரன்

"அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்றால் என்ன பெரிய ஆள்? எல்லாம் வாஷிங்டனில்தானே தீர்மானமாகிறது?" என்று வேறோர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், அனுமார் வாலாக நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

2008 முதல் 2013 வரை அரிசோனாவில் மேசா நகரின் மேற்குப் பகுதியில் குடியிருந்தேன். என் புனைபெயரும் அங்கிருந்து வந்ததுதான். மேசா என்றால் ஸ்பானிய மொழியில் மேசை. நம்முடைய மேசையும் போர்த்துகீசியரிடம் வாங்கிய கடன், ஆகவே இரண்டும் ஒரே மரத்தில் இழைத்தவை. நான் குடிபோனபோது எங்கள் தொகுதியின் கீழவை உறுப்பினர் ரசல் பியர்ஸ். மறு ஆண்டு மேலவைக்குப் போனார். 2011 ஜனவரியில் அதன் தலைவர். அதே ஆண்டு நவம்பரில் பதவியே இல்லை. பதினோரு மாதத்தில் உச்சியும் பள்ளமும்.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்காக: 1947இல் மேசாவிலேயே பிறந்தவர். அமெரிக்காவில் தோன்றிய மோர்மோன் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்த குடும்பம். மாரிக்கோபா மாவட்ட ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) அலுவலகத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, ஷெரிஃப் ஜோ அர்பயோவுக்கு அடுத்த நிலைவரை உயர்ந்தார். 1977இல் குவாடலூப் என்ற சிற்றூரில் சில இளைஞர்களைத் தடுத்து நிறுத்தப்போய்ச் சுடப்பட்டு ஒரு விரலை இழந்தார். கைதிகளைப் பாலைவன வெயிலில் கூடாரம் போட்டு அடைத்த அந்தப் புகழ்பெற்ற சிறை இருக்கிறதே, அந்த யோசனை தன்னுடையது என்று சொல்லிக்கொள்வார். பிறகு மாநில மோட்டார் வாகனத் துறையின் இயக்குநர். ஓட்டுநர் பதிவு ஒன்று திருத்தப்பட்ட விவகாரத்தில் 1999இல் அந்த வேலை போயிற்று. 2000இல் குடியரசுக் கட்சி சார்பில் சட்டமன்றத் தேர்தலில் நின்று வென்றார்.

வேலை போன மறு ஆண்டு வெற்றி என்பதைக் கவனியுங்கள். மேசா அவரை அவ்வளவு நம்பியது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் சட்டம் எழுதுவதையே தொழிலாகச் செய்த உறுப்பினர் என்றால் அவரைத்தான் சொல்வேன். பேச்சாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இவர் மசோதாக்காரர்.

#2 காரைக்குடி ஆச்சி

மேசைக்காரத் தம்பி, கதை நன்றாகப் போகிறது. ஆனால் அடிப்படையைச் சொல்லாமல் கோபுரத்தைக் காட்டுகிறாய். அந்த ஊர்ச் சட்டமன்றத்தில் மொத்தம் எத்தனை பேர்? சம்பளம் என்ன? நம் ஊர் எம்.எல்.ஏ.வுக்கு ஊரில் ஒரு கல்யாணம், காதுகுத்து விடாமல் அழைப்பு வரும். அங்கே அப்படி உண்டா?

#3 மேசைக்காரன்

ஆச்சி, மேலவையில் 30 பேர், கீழவையில் 60 பேர். இரண்டுக்கும் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். ஓர் அவையில் தொடர்ந்து நான்கு முறைக்குமேல் இருக்க முடியாது. பியர்ஸ் கீழவையில் எட்டு ஆண்டுகளை முடித்துவிட்டு மேலவைக்குத் தாவியது அதனால்தான். அங்கே எல்லோரும் செய்கிற வேலை அது.

சம்பளம் ஆண்டுக்கு 24,000 டாலர். நான் அப்போது வாங்கிக்கொண்டிருந்ததில் பாதிகூட இல்லை. வசதியுள்ளவரோ, ஓய்வூதியம் வாங்குகிறவரோ, வேறு தொழில் வைத்திருப்பவரோதான் அந்தப் பக்கம் போக முடியும். கல்யாண அழைப்பெல்லாம் தெரியாது. ஒரு முறை பலசரக்குக் கடையில் பால் வாங்க வரிசையில் நிற்கக் கண்டேன். கட்டம்போட்ட சட்டை, தடித்த கழுத்து. முன்னால் நின்ற பெண்மணியின் கைக்குழந்தைக்கு விரலாட்டிக்கொண்டிருந்தார். யாரென்று தெரியாவிட்டால் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் என்று நினைத்திருப்பேன்.

அதிகாரம் எங்கே இருந்தது என்றால், நிதி ஒதுக்கீட்டுக் குழுவில். முதலில் கீழவையில், பிறகு மேலவையில் அந்தக் குழுவின் தலைவராக இருந்தார். 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டு விலைகள் சரிந்து, மாநிலக் கஜானா துடைத்துப்போட்டதுபோல ஆகிவிட்டது. வரியைக் கூட்ட மாட்டோம், செலவைத்தான் வெட்டுவோம் என்று நின்றவர்களில் இவர் முன்வரிசை. பள்ளிக்கூடங்களுக்கு வெட்டு, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் வெட்டு. 2010 அக்டோபரில் அந்தக் காப்பீட்டின்கீழ் சிலவகை உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளுக்குப் பணம் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் பெயர் வந்து காத்திருந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஊர் கொதித்தது. அடுத்த ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு கூத்து. 2010 ஜனவரியில் சட்டமன்றக் கட்டடங்கள் உட்படப் பல அரசுக் கட்டடங்களை ஏறத்தாழ 735 மில்லியன் டாலருக்கு விற்று, அதே கட்டடங்களுக்கு வாடகை கொடுத்து உட்கார்ந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் "நானும் வாடகைவீடு, சட்டமன்றமும் வாடகைவீடு" என்று ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

#4 வரிசையில் நிற்பவன்

மேசைக்காரரே, நீங்கள் முக்கியமானதைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். பியர்ஸ் என்றால் குடியேற்றம். அதைப் பேசுவோம்.

நான் கிரீன் கார்டுக்காகப் பதினொன்றாவது ஆண்டாகக் காத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விசா புதுப்பிக்க ஊருக்கு வந்தால் திரும்பிப்போக முடியுமா என்று வயிற்றில் புளி கரைகிறது. அப்பா இறந்தபோது இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தேன். இத்தனையும் சட்டப்படி. எல்லை தாண்டி வந்தவர்களைச் சட்டப்படி கேள்வி கேட்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவர் உடனே கொடியவராகிவிடுவாரா? அவருடைய மகனும் ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை செய்தவர். சட்டவிரோதமாக நாட்டில் இருந்த ஒருவனைப் பிடிக்கப்போய்த் துப்பாக்கிச் சூடுபட்டு உயிர்தப்பினார். ஒரு தகப்பனின் கோபம் உங்களுக்குப் புரியவில்லையா?

#5 நெட்டைப்பனை

தகப்பன் கோபமா? தேதியைப் பாருங்கள். மகன் சுடப்பட்டது 2004 டிசம்பர். குடியுரிமைச் சான்று இல்லாமல் வாக்காளராகப் பதிய முடியாது, சில அரசு உதவிகளுக்கும் சான்று காட்ட வேண்டும் என்ற முன்மொழிவு 200க்காக அவர் ஊர் ஊராகப் போய் வேலை செய்தது அதற்கு முன்பு. அது மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்தது 2004 நவம்பர். கோபம் முன்னால் வந்துவிட்டது, காரணம் பின்னால் வந்திருக்கிறது.

சட்டம் பற்றித்தான் பேசினார் என்றும் சொல்லாதீர்கள். 1954இல் மெக்சிகோக்காரர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றித் துரத்திய நடவடிக்கைக்கு ஒரு வசைச்சொல்லைத்தான் பெயராக வைத்திருந்தார்கள். அதை மறுபடி நடத்த வேண்டும் என்று 2006இல் வானொலியில் பேசியவர் உங்கள் பியர்ஸ். அதே ஆண்டு வெள்ளை இனவாத அமைப்பு ஒன்றின் கட்டுரையை ஆதரவாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பிடிபட்டபிறகு கவனிக்காமல் அனுப்பிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். பதினொரு ஆண்டு வரிசையில் நிற்கிற உங்களை அவர் "நல்ல குடியேறி" என்று தனியே எடுத்துவைத்துக் கும்பிடுவார் என்று நினைக்கிறீர்களா? தோலைப் பார்ப்பவனுக்குக் கையிலிருக்கும் தாள் தெரியாது, ஐயா.

#6 வரிசையில் நிற்பவன்

தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. திருத்திக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் மேடைப் பேச்சு. முன்மொழிவு 200க்கு வாக்களித்த நூற்றுக்கு ஐம்பத்தாறு பேரும் தோலைப் பார்ப்பவர்களா?

#7 மட்டுறுத்துநர்

நண்பர்களே, அரசியல்வாதியைத் திட்டுங்கள், சக உறுப்பினரைத் திட்ட வேண்டாம். "தாள் தெரியாது" வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அடுத்தது நீக்கப்படும்.

#8 சட்டக்கிளி

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவர் எழுதியவை நீதிமன்றத்தில் என்னவாயின என்று பார்ப்போம். அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. தாம் எழுதியதற்காக இத்தனை முறை உச்ச நீதிமன்றப் படியேறிய மாநில உறுப்பினர்கள் வெகு குறைவு.

முதலில் 2007இன் வேலையளிப்போர் சட்டம். குடியேற்ற ஆவணமற்றவர்களை வேலைக்கு வைத்தால் நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், இரண்டாவது முறை பிடிபட்டால் ரத்தே செய்யலாம். வேலைக்கு வருபவர் சட்டப்படி வேலை செய்யலாமா என்று பார்க்கும் ஈ-வெரிஃபை என்ற சரிபார்ப்பு முறை எல்லா முதலாளிகளுக்கும் கட்டாயம். இதில் வேடிக்கை என்னவென்றால், கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நெப்போலிடானோ. பியர்ஸின் பல மசோதாக்களை வெட்டி வீசியவர் இதை மட்டும் ஏற்றார். வழக்குத் தொடுத்தவர்களோ வணிகர் சங்கத்தார். பியர்ஸின் சொந்தக் கட்சிக்கு நிதி கொடுக்கிறவர்கள். 2011 மே 26இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று பியர்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. (அந்தச் சட்டத்தில் உண்மையில் மாட்டிய நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது தனிக்கதை.)

அடுத்தது எஸ்.பி. 1070 என்ற மேலவை மசோதா. 2009 ஜனவரியில் நெப்போலிடானோ ஒபாமா அமைச்சரவைக்குப் போய்விட, மாநிலச் செயலராக இருந்த ஜேன் புரூவர் ஆளுநரானார். இதுவரை பூட்டிக் கிடந்த கதவு திறந்துவிட்டது. கன்சாஸைச் சேர்ந்த கிரிஸ் கோபாக் என்ற வழக்கறிஞர் வரைவுக்குக் கைகொடுத்தார். 2010 ஏப்ரலில் கீழவையில் 35-21, மேலவையில் 17-11. ஏப்ரல் 23இல் கையெழுத்து. சட்டப்படி ஒருவரை நிறுத்தும் காவலர், அவர் ஆவணமின்றி நாட்டில் இருக்கிறார் என்று நியாயமான ஐயம் எழுந்தால், குடியேற்ற நிலையைச் சரிபார்க்க வேண்டும். பதிவு ஆவணம் கையில் இல்லாமல் இருப்பது மாநிலக் குற்றம். ஆவணமற்றவர் வேலை தேடுவதும் குற்றம். நாடுகடத்தத்தக்க குற்றம் செய்தவர் என்று கருத இடமிருந்தால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம்.

ஜூலை 28இல், நடைமுறைக்கு வர ஒரு நாள் இருக்கும்போது, கூட்டாட்சி நீதிபதி சூசன் போல்டன் முக்கியப் பகுதிகளை நிறுத்திவைத்தார். 2012 ஜூன் 25இல் உச்ச நீதிமன்றம் இந்த நான்கு பகுதிகளில் மூன்றை ரத்து செய்தது. முதலாவது மட்டும், அதாவது காவலர் சரிபார்க்கும் பகுதி, அப்போதைக்குத் தப்பியது. அதையும் 2016இல் ஒரு சமரசத்தின் மூலம் மாநிலத் தலைமை வழக்கறிஞர் வெகுவாகச் சுருக்கிவிட்டார்.

முன்மொழிவு 200ஐ 2013இல் 7-2 என்று பாதி முடக்கினார்கள்: கூட்டாட்சி அரசின் பதிவுப் படிவத்தைக் கொண்டுவருபவரிடம் மாநிலம் கூடுதல் சான்று கேட்க முடியாது. ஆவணமற்றவர்களுக்குச் சில வழக்குகளில் பிணையே கிடையாது என்ற 2006ஆம் ஆண்டு முன்மொழிவு 2014இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு முழு வெற்றி, சில அரைகுறைகள், சில தோல்விகள். ஆனால் தோற்ற சட்டமும் வேலை செய்திருக்கிறது. 1070ஐப் பார்த்து 2011இல் அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா, இண்டியானா, யூட்டா என்று வரிசையாகப் படியெடுத்தார்கள்.

#9 காரைக்குடி ஆச்சி

கிளி சொன்னது புரிகிறது. ஆனால் அந்த ஊரில் இருந்தவனுக்கு எப்படி இருந்தது? மேசைக்காரா, உன்னை யாராவது நிறுத்தினார்களா?

#10 மேசைக்காரன்

ஒரே ஒரு முறை, ஆச்சி. காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. ஓர் இளம் காவலர் வந்து ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பல்பை மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அவர் கேட்காமலேயே முன்பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுக்கப்போனேன். "கையை வெளியே வையுங்கள்" என்று அவர் குரல் ஒரு கணம் மாறியது. துப்பாக்கி எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதில் தவறில்லை. உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டத்தை 1070க்கு ஒரு வாரம் முன்புதான் ஆளுநர் கையெழுத்திட்டிருந்தார். அதைக் கொண்டுவந்தவரும் பியர்ஸ்தான். ஆக, அவருடைய ஒரு சட்டத்துக்குப் பயந்து நான் பெட்டியைத் திறக்க, அவருடைய இன்னொரு சட்டத்தால் காவலர் பயந்தார்.

ஜூன் மாத வெயில் 45 டிகிரியில் அந்தப் பெட்டிக்குள் பாஸ்போர்ட்டின் பிளாஸ்டிக் உறை இளகி அட்டையோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது தங்க நிறச் சிங்கமுகம் பாதி உறையோடு வந்துவிட்டது. இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் உண்மையில் அடிபட்டவர்கள் நாங்கள் அல்லர். எங்கள் குடியிருப்பில் புல் வெட்ட வருகிற குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். அந்தக் கோடையில் நான்கு பேரானார்கள், பிறகு இரண்டு பேர். எங்கே போனார்கள் என்று கேட்டால் மேஸ்திரி நியூ மெக்சிகோ இருக்கும் திசையைக் கை காட்டினார். மாநிலத்தைப் புறக்கணியுங்கள் என்று வெளியூர்களில் குரல் எழுந்தது, மாநாடுகளை ரத்து செய்தார்கள். மே 5இல் பீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி சட்டையில் "லாஸ் சன்ஸ்" என்று ஸ்பானியப் பெயரைப் போட்டுக்கொண்டு ஆட்டத்தில் இறங்கியது. அலுவலகத்தில் அன்று இரண்டு கட்சி.

#11 நெட்டைப்பனை

அப்படிப்பட்ட ஆளை எப்படி இறக்கினார்கள் என்பதைச் சொல்லுங்கள். அந்தப் பகுதிதான் எனக்கு இனிக்கும்.

#12 மேசைக்காரன்

இனிக்கும்தான். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இனிப்பு இல்லை, பனையாரே. அவரை இறக்கியது உங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமல்லர்.

2011 ஜனவரியில் மேலவைத் தலைவராகிறார். 30 இடங்களில் 21 அவர் கட்சி. எதை நினைத்தாலும் நிறைவேற்றலாம் என்ற நிலை. உடனே அடுத்த கட்டத்துக்குப் போனார்: ஆவணமற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புவழிக் குடியுரிமையைக் கேள்வி கேட்கும் மசோதா, மருத்துவமனையில் குடியேற்ற நிலையைக் கேட்கும் மசோதா என்று ஐந்து. மாநிலத்தின் பெருந்தொழில் தலைவர்கள் அறுபது பேர் "போதும், தொழில் படுத்துவிடும்" என்று கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். மார்ச்சில் ஐந்தும் மேலவையிலேயே தோற்றன. 21 பேர் இருந்தும் தோற்றன! சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே சமயத்தில், ஃபியஸ்டா பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்துப் போட்டி அமைப்பு உறுப்பினர்களை இலவசமாக ஊர் ஊராக அழைத்துப்போய் ஆட்டம் காட்டிய விவகாரமும் வெளிவந்தது. அதிகம் போனவர்களில் இவரும் ஒருவர். குற்றவழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனால் சிக்கனம் பேசியவருக்கு இது நல்லதா?

இதற்கெல்லாம் முன்பே, ஜனவரியிலேயே, ராண்டி பராஸ் என்ற அமைப்பாளரும் அவரோடு சிலரும் பியர்ஸைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் மனுவைத் தொடங்கிவிட்டார்கள். 7,756 கையெழுத்துகள் வேண்டும். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நூலக வாசலில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் தட்டுப்பலகையில் செருகிய மனு, பக்கத்தில் பனிக்கட்டிப் பெட்டியில் தண்ணீர்ப் புட்டிகள். வெள்ளைத் தலைமுடிப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "நீங்கள் பதிவுபெற்ற வாக்காளரா?" என்றார். இல்லை, விசாவில் இருக்கிறேன் என்றேன். "அப்படியானால் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு புட்டியை நீட்டினார். தான் குடியரசுக் கட்சிக்காரி என்றும், ரீகனுக்கு இரண்டு முறை வாக்களித்தவள் என்றும் நான் கேட்காமலே சொன்னார்.

மே 31இல் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சரிபார்த்ததில் 10,365 செல்லும். கிளி மேலே சொன்ன உச்ச நீதிமன்ற வெற்றி மே 26. ஐந்து நாள் இடைவெளி!

#13 சட்டக்கிளி

இங்கே நடைமுறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முடிவு புரியாது. கடந்த தேர்தலில் அந்தப் பதவிக்கு விழுந்த வாக்குகளில் 25 விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் திரும்ப அழைக்கும் தேர்தல் வரும். கலிபோர்னியாவில் போல "நீக்கலாமா, வேண்டாமா" என்ற தனிக் கேள்வி கிடையாது. இருப்பவரையும் போட்டியாளரையும் ஒரே சீட்டில் போட்டு நேருக்கு நேர் மோதவிடுவார்கள். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலும் இல்லை. பியர்ஸுக்கு வழக்கமாகக் காவலரணாக இருந்ததே அந்த முன்தேர்தல்தான். தீவிரக் கட்சிக்காரர்கள்தான் அதில் அதிகம் வாக்களிப்பார்கள். இந்தத் தேர்தலில் தொகுதி முழுவதும் முன்னால் வந்து நின்றது.

இன்னொரு சுவையான பழங்கதை. 1911இல் அரிசோனாவை மாநிலமாக்கும் தீர்மானத்தை அதிபர் டாஃப்ட் தடுத்தார். காரணம், அதன் அரசமைப்பில் நீதிபதிகளையும் திரும்ப அழைக்கலாம் என்று இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு 1912 பிப்ரவரி 14இல் மாநிலமானார்கள். அதே ஆண்டு அந்த வரியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்! அப்படிப்பட்ட ஊர். ஆனாலும் அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இந்த வழியில் பதவி இழக்கவில்லை. பியர்ஸ்தான் முதல் ஆள்.

#14 காரைக்குடி ஆச்சி

நம் ஊரில் எம்.எல்.ஏ.வை இப்படித் திருப்பி அழைக்க வழி உண்டா, கிளி?

#15 சட்டக்கிளி

இல்லை, ஆச்சி. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்களில் உள்ளாட்சித் தலைவர்களுக்கு மட்டும் உண்டு.

#16 மேசைக்காரன்

எதிர்த்து நின்றவர் ஜெரி லூயிஸ். அந்தப் பெயர்கொண்ட நகைச்சுவை நடிகர் இல்லை, கணக்காளர். அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் பட்டயப் பள்ளிகளின் நிறுவனம் ஒன்றில் அதிகாரி. அவரும் குடியரசுக் கட்சி, அவரும் மோர்மோன் சபை. ஜனநாயகக் கட்சியார் ஆளே நிறுத்தாமல் புத்திசாலித்தனமாக ஒதுங்கிக்கொண்டார்கள். அதாவது வாக்காளருக்கு முன்னால் இருந்தது "வலதா, இடதா" என்ற கேள்வியே இல்லை. "இந்த வலதா, அந்த வலதா?"

சபை ஏன் முக்கியம் என்றால், மேசாவை 1878இல் நிறுவியவர்களே மோர்மோன்கள். ஊர் நடுவே 1927இல் திறந்த அவர்களுடைய பெரிய கோயில். இளைஞர்கள் இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு வெளிநாடு போவது அவர்கள் வழக்கம். பலர் மெக்சிகோவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் போய், சரளமான ஸ்பானிய மொழியோடு திரும்புகிறார்கள். 2010 நவம்பரில் யூட்டாவில், குடியேற்றச் சட்டம் குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது என்ற உடன்படிக்கை ஒன்று வெளியானது. மோர்மோன் தலைமை அதை ஆமோதித்தது. பியர்ஸோ தன் மதமும் தன் சட்டமும் ஒன்றே என்று பேசி வந்தவர். அங்கே விரிசல் விழுந்துவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய தம்பதி. சபையில் பழுத்தவர்கள். செப்டம்பரில் புல்வெளியில் பியர்ஸ் பலகை முளைத்தது. பிறகு ஒருநாள் காலை பார்த்தால், வாசல்நடைக்கு இந்தப் பக்கம் பியர்ஸ், அந்தப் பக்கம் லூயிஸ். அவர் பலகை ஒன்று, அம்மையார் பலகை ஒன்று. வியாழக்கிழமை குப்பைத்தொட்டியை வெளியே வைக்கிறபோது கிழவர் என்னைப் பார்த்து, "நாற்பத்தெட்டு வருஷமாக என் பேச்சைத்தான் கேட்டாள்" என்றார். அம்மையார் உள்ளேயிருந்து, "கேட்கிற மாதிரி இருந்தேன்" என்றார்.

இதற்கிடையே ஸ்பானியப் பெயர் கொண்ட ஒரு பெண்மணி மூன்றாவது வேட்பாளராக நின்றார். பலகைகள் திடீரென்று முளைத்தன, வைத்தது யார் என்று அவருக்கே தெரியவில்லை. வழக்குப் போட்டார்கள். லூயிஸின் வாக்கைப் பிரிக்கப் பியர்ஸ் ஆதரவாளர்கள்தாம் அவரை நிறுத்தினார்கள் என்று நீதிபதியே கண்டார், ஆனாலும் பெயரை நீக்க மறுத்துவிட்டார். சில நாளில் அவரே விலகினார். சீட்டில் பெயர் மட்டும் அச்சாகி நின்றது. என் கணக்கில் பியர்ஸ் தோற்றது அங்கேதான். முரட்டு ஆள், ஆனால் நேர்மையான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த கிழவர் அந்த வாரமே பலகையைப் பிடுங்கிக் கார்க்கொட்டகையில் சாய்த்துவைத்துவிட்டார். வாக்கை யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 8. லூயிஸ் தெளிவான வித்தியாசத்தில் வென்றார்.

#17 வரிசையில் நிற்பவன்

ஒப்புக்கொள்கிறேன், அந்த மூன்றாவது வேட்பாளர் விஷயம் அசிங்கம். ஆனால் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகப் பாதியில் திரும்ப அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டே ஆண்டுதான் பதவிக்காலம். ஓராண்டு பொறுத்திருந்தால் சாதாரணத் தேர்தலே வந்திருக்கும். லஞ்சம் வாங்கினால் அழையுங்கள். சொன்னதைச் செய்தார் என்பதற்காகவா? அவர் சொல்லாத எதையும் செய்யவில்லையே.

#18 சட்டக்கிளி

நியாயமான கேள்வி. அரிசோனா அரசமைப்பு காரணத்துக்கு எல்லை வகுக்கவில்லை. மனுவில் இருநூறு சொற்களுக்குள் காரணம் எழுதினால் போதும், அது செல்லுமா என்று நீதிமன்றம் பார்க்காது.

#19 நெட்டைப்பனை

ஓராண்டு பொறுத்தும் பார்த்தார்களே! 2012 ஆகஸ்டில் கட்சி முன்தேர்தலில் மறுபடி நின்றார். விமான இருக்கைப் பையில் ஸ்கைமால் என்று ஒரு விற்பனைப் பட்டியல் இருக்குமே, அதைத் தொடங்கிய பாப் வோர்ஸ்லியிடம் தோற்றார். இந்த முறை வாக்களித்தது பெரும்பாலும் கட்சி வாக்காளர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள், வரிசையாரே? 2014இல் மாநிலக் கட்சித் துணைத்தலைவராக இருந்தபோது, அரசு மருத்துவ உதவி பெறும் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை வேண்டும் என்ற பொருளில் வானொலியில் பேசி, அந்தப் பதவியையும் விட்டார். அது வேறொருவர் எழுதியது, பெயர் சொல்ல மறந்துவிட்டேன் என்று விளக்கம்.

#20 மேசைக்காரன்

லூயிஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் வேண்டும். தொகுதி எல்லைகளை மாற்றியமைத்ததில் அவர் வீடு வேறு தொகுதியில் விழுந்தது. 2012 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் எட் ஏபில்சரிடம் தோற்றார். யானையை விழுத்தாட்டியவர் அவையில் உட்கார்ந்தது ஓராண்டுதான்.

#21 வரிசையில் நிற்பவன்

பனையாரே, உங்களுக்குப் பதில்: ஆள் தோற்றார், விஷயம் தோற்கவில்லை. பியர்ஸ் 2023 ஜனவரியில் இறந்தார். 2024 நவம்பரில் அரிசோனாவில் முன்மொழிவு 314 வாக்கெடுப்புக்கு வந்தது. சட்டவிரோதமாக எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்குவது. அறுபது விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு. முன்மொழிவு 200ஐவிட அதிகம்.

#22 நெட்டைப்பனை

அதே நாளில் அதே வாக்காளர்கள் ரூபன் கயேகோவை வாஷிங்டன் மேலவைக்கு அனுப்பினார்கள். 2011 ஜனவரியில் பியர்ஸ் தலைவர் நாற்காலியில் ஏறியபோது, எதிர்க்கட்சியின் புதுமுகமாகக் கீழவைக்குள் நுழைந்தவர் அவர்.

#23 சட்டக்கிளி

இரண்டும் உண்மை. 314இன் எல்லை தாண்டும் பகுதி வாக்கெடுப்பில் வென்றதும் உடனே நடைமுறைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்சாஸிலோ வேறு மாநிலத்திலோ அதேபோன்ற சட்டம் தொடர்ந்து அறுபது நாள் நடைமுறையில் இருந்தால்தான் இது உயிர்பெறும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். 1070இல் சூடுபட்டவர்கள் எழுதியது என்று பார்த்ததுமே தெரிகிறது.

#24 புதுவரவு

எல்லாவற்றையும் படித்தேன். அடுத்த மாதம் எச்-1பி விசாவில் பீனிக்ஸ் பக்கம் வேலைக்குப் போகிறேன். இப்போது பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

#25 சட்டக்கிளி

பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம், 1952இலிருந்து இருக்கிறது. பியர்ஸ் அதை மாநிலக் குற்றமாகவும் ஆக்கப் பார்த்தார், அது ரத்தாகிவிட்டது. பழைய சட்டம் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு அந்த ஆவணம் ஐ-94 என்ற நுழைவுப் பதிவு. இணையத்திலிருந்து அச்செடுத்துப் பணப்பையில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

#26 மேசைக்காரன்

பாஸ்போர்ட்டையும் எடுத்துப்போவதானால் சட்டைப் பையில் வையுங்கள், தம்பி. கார்ப் பெட்டியில் வேண்டாம். போய்ச் சேர்ந்த முதல் வாரமே பின்விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.